பொத்தான் என்று கூப்பிட்டிருந்தால்

என் மகளுக்கு,

அன்றைக்கு ரயில் நிலையத்தில் நான் இருந்தேன், நீ இருந்தாய், உன் புருஷன் இருந்தார், பெட்டிகளுக்குக் காவலாக உன் அண்ணன் இருந்தான், ஒலிபெருக்கி அறையில் அந்த மூக்குக்கண்ணாடிக்காரி இருந்தாள். பொத்தான் மட்டும் இல்லை.

தையல்காரரான உன் அப்பா உன் மகளுக்கு வைத்த பெயர் அது. வேறு பெயரில் அவளை நாம் யாராவது கூப்பிட்டோமா? பள்ளிக்கூடத்துக்காக உன் புருஷன் எழுதிக்கொடுத்த நீளப் பெயர் தன்னுடையது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

"குழந்தை பேரு என்னங்க?" என்று கேட்டாள் அறிவிக்கிறவள்.

"பொத்தான்னு கூப்பிடும்மா. எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவா" என்றேன்.

"அத்தை, சும்மா இருங்க. ஊரே சிரிக்கும்!" என்றார் உன் புருஷன்.

சாயங்காலம் வரை அந்த நீளப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். யாரையோ தேடுகிறார்கள் என்று அவளும் எங்கோ நின்று கேட்டிருப்பாள். பிறகு போலீசும் தேடிக் களைத்துப்போனது.

இப்போது உன் புருஷன் படுக்கையில் கிடக்கிறார், மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது என்கிறாய்.

அவளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கலாம். எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறாளோ! கூட்டத்தைக் கண்டால் நான் இன்னமும் "ஏ பொத்தான்!" என்று கத்துகிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஒருத்தி திரும்பினால் போதும்.

பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த உன் அண்ணனை மன்னித்தேன். பிள்ளையின் கையை விட்ட உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஊர் சிரிக்கும் என்று பயந்த மாப்பிள்ளையை மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா