நான் ‘இறந்தவர்’ என்று எழுதிய பெயர்

ஜன. 6, செவ்வாய்
காலையில் நல்ல குளிர். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டவுன் பஸ்.
எட்டாம் வகுப்புக்குக் கலைச்சொற்கள். போர்டில் எழுதிப் போட்டது:
இறையாண்மை – நம்மை ஆள்வது பற்றி நாமே முடிவு செய்வது.
குடியுரிமை – இந்த நாட்டவர் என்று சட்டம் ஒப்புக்கொள்வது.
வாக்குரிமை – பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும்.
முத்துச்செல்வி எழுந்தாள். “டீச்சர், ஓட்டுரிமைய யாராவது புடுங்க முடியுமா?”
“சட்டப்படி காரணம் இல்லாம முடியாது” என்றேன்.
மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வாசலில் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். காலெல்லாம் கரிசல் மண். கையில் வாக்காளர் அட்டை.
“வீடு வீடா வந்து ஓட்டு லிஸ்ட் எழுதுனது நீங்கதான?”
“ஆமா.”
“நான் மாரியம்மா. செத்துட்டேன்னு எழுதியிருக்கீய.”
சாப்பிடவில்லை.

ஜன. 7, புதன்
வீட்டு விசாரணைக்குப் போனபோது எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன். திருவேங்கடம் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். வீடு பூட்டு. அடுத்த வீட்டில் அவருடைய கொழுந்தன். “மதினி போயி ரெண்டு வருசம் ஆச்சு” என்றார். அன்று மழை. இன்னும் நாற்பது வீடு பாக்கி. ‘இறந்தவர்’ என்று எழுதிவிட்டு நடந்தேன்.
மாரியம்மாள் போனது ஆடு மேய்க்க, ஆட்டுக்கிடையோடு, சிவகிரிப் பக்கம். எங்கே போனார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜன. 9, வெள்ளி
மேற்பார்வை அதிகாரியிடம் போனேன். “குடும்பத்தார் குடுத்த தகவல்னு எழுதிருங்க டீச்சர். ஒங்களுக்கு எதுக்கு வம்பு?”
விளக்கத்தை அப்படியே எழுதினேன். கிழித்தேன். மறுபடி: ‘சரியாக விசாரிக்காமல் பதிவு செய்தது என் தவறு.’
மாரியம்மாளையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். பெயர் சேர்க்கும் படிவத்தில் அவர் கைநாட்டு வைக்க மை டப்பா எடுத்துப் போயிருந்தேன். மாரியம்மாள் பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயரும் எழுதினார். டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
“பேரு வந்தா மட்டும் போதாது” என்றார். “அங்கன எல்லாரும் செத்த மாரின்னு கூப்பிட்டுச் சிரிக்காவ. நீங்களே தெருவுக்கு வந்து சொல்லணும்.”
“வாரேன்.”

ஜன. 22, வியாழன்
தவறான பதிவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் கொடுத்தாச்சு. பல் வலி வேறு.

பிப். 28, சனி
வெயில் ஏறிவிட்டது. புதுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.
அவர் தெருவில், டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர். “மாரியம்மா உயிரோட இருக்கும்போதே செத்துட்டாங்கன்னு எழுதினது நான். தப்பு என்னோடது. இப்போ பேர் சேர்த்தாச்சு.”
கொழுந்தன் சத்தம் போட்டார். “நான் மதினி போயிட்டாவன்னுல்லா சொன்னேன்? செத்துட்டாவன்னா சொன்னேன்?”
“நீங்க சரியாத்தான் சொன்னீங்க அண்ணாச்சி. நான்தான் மேல கேக்கல.”
யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.
மாரியம்மாள் தாளை வாங்கி, விரல் வைத்துத் தன் பெயரைத் தானே தேடிப் படித்தார். மடித்து இடுப்பில் செருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.
“ஒங்க பேரு என்ன டீச்சர்?”
“ஜெயராணி.”
“ஞாபகம் வச்சுக்கிடுதேன்.”