கேமராவில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர்

இரண்டாவது ரிங்கிலேயே போனை எடுத்துவிடும் என் மல்லிகா அக்காவுக்கு,

இப்போது உன் நம்பருக்கு அடித்தால், நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொல்கிறாள். "மூணு பாஷைல சொல்றதுக்கு ஒரு தபா எடுத்துப் பேசிட்டுப் போலாம் இல்ல" என்று நீ இருந்தால் சொல்லியிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பவித்ரா வருகிறாள். உன் முதல் வருஷத் திதிக்கு. அவள் மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்தில் நீ போய்விட்டாய், அப்போது அவள் பாஸ்போர்ட் விசா வேலைக்காக ஆபீசில் இருந்தது, வர முடியவில்லை. இந்தத் தடவை இருபது நாள் லீவாம். உன் வீட்டுக்காரர் நேற்றே ஃபேனைத் துடைத்துவிட்டார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், என்னைத் தவிர. உன் மகளிடம் ஒரு வருஷமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன் அக்கா. அதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டால் அவளிடம் சொல்ல வாய் வரும் என்று பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. உன் டிவியில், சீரியல் பார்க்கிற ஆப்பில், உன் பெயர் போட்ட கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. மச்சான் யாரையும் அதை அழிக்க விடுவதில்லை. நீ பாதியில் விட்ட அந்தக் கொரியா சீரியல் "தொடர்ந்து பார்க்க" என்ற வரிசையில் முதலில் நிற்கிறது. "அழும்போது தமிழ்ல அழுவுது, வாய் மட்டும் வேற இன்னாத்தையோ சொல்லிகினு கீது" என்று திட்டிக்கொண்டே ஒரே மத்தியானத்தில் நாலு எபிசோட் பார்ப்பாயே, அதேதான். நடுவில் டிவி, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்கும். "பாத்துகினுதான் கீறேன், நீ மூடிகினு போடு" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ரிமோட்டையே அமுக்குவாய்.

போட்டோவைப் பற்றியும் உனக்கு ஒரு கருத்து உண்டு. என் பையன் காது குத்துக்கு எல்லாருமாகச் சேர்ந்து எடுத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டியபோது நீ சொன்னாய்: "நீங்கல்லாம் போட்டோ எடுக்கறது பாக்கறதுக்கு இல்லடா. போன் ரொம்பிடுச்சின்னு பொலம்பறதுக்கு." அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். அந்த ஆயிரத்தில் நீ தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்பது, உன் அஞ்சலி பேனருக்குத் தேடியபோதுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு கல்யாணப் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். பேனர் கடைக்காரர் நல்ல எண்ணத்தில் உன்னை நாலு சுற்று வெளுப்பாக்கி, கன்னத்தை வழுவழுப்பாக்கி, தாடை மச்சத்தையும் அழித்துவிட்டார். பெரியம்மா பேனரைப் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பொண்ணு, பாவம், இதுவும் செத்துட்டுதா?" என்று கேட்டது. நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆனால் பவித்ராவுக்குப் போன ஒரே படம் அந்த பேனர்தான். "மாமா, அம்மா தாடைல இருந்த மச்சத்த ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி கேட் உனக்குத் தெரியும். உள்ளே போகும்போது செக்யூரிட்டி போனை வாங்கி, பின் கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். நாங்கள் செய்கிற கார் பாகத்தைப் படம் பிடித்து யாருக்கு அனுப்பப் போகிறோமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் அதை உரித்து பைக் டேங்கில் ஒட்டுவது என் பழக்கம். ஒரகடம் கம்பெனிகளில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. "இன்னாடா, வண்டிக்கு அம்மை போட்டுகிச்சா?" என்று நீ கேட்பாய்.

நீ போன அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து என் தோளைத் தொட்டார். அவர் தோளைத் தொடுகிற ஆள் இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கிற கண்ணாடியை டேபிளிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கேட்டில் என்னை யாரும் நிறுத்தவில்லை. ஸ்டிக்கரை அவர்களும் பார்க்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு துணிக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பிறந்த வீட்டுக் கோடி. அப்பா இல்லை, அம்மா இல்லை, உனக்குக் கடைசிப் புடவை எடுக்க நான் ஒருத்தன்தான். கம்பெனி சட்டையோடு நின்றவனைப் பார்த்துக் கடைப் பெண், "யாருக்கு சார்?" என்றாள். எங்க அக்காவுக்கு என்றேன். "அப்ப வீடியோ கால் போட்டுக் காட்டுங்க சார், அவங்களுக்குப் புடிச்சத அவங்களே சொல்லிடுவாங்க" என்றாள். நான் ஒரு புடவையைக் கைகாட்டி, இதைக் கட்டிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இப்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடுகிறேன்.

ஏரிக்கரை வழியாக உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மச்சானுடைய அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யாரும் போன நீட்டக் கூடாது. செத்த மூஞ்சியப் படம் புடிக்கறது நம்ம வழக்கம் இல்ல." பிறகு பவித்ரா போனில் அழுத அழுகையைக் கேட்டுவிட்டு அவரே இறங்கி வந்தார். "சரி, தாய்மாமன் ஒருத்தன் மட்டும் அதுக்குக் காட்டட்டும்."

நீயும் எனக்கு ஒன்று சொல்லியிருந்தாய். பக்கத்துத் தெருப் பெரியவர் சாவை லைவ் போட்டு, அதற்கு வெளியூர்க்காரர்கள் கட்டைவிரல் படம் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "நான் போனா லைவு கிவுன்னு எதனா போட்ட, எழுந்து வந்து அறைவேன்" என்றாய். ஆனால் கேட்டது உன் மகள். நீயே என்றாலும் அவளுக்கு இல்லை என்று சொல்லியிருப்பாயா?

உனக்குக் கோடி போர்த்திவிட்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் சேரில் ஏறி நின்று, வீடியோ காலைப் போட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தேன். நல்ல வெயில். திரையில் பவித்ரா முகம்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் காட்டுவது மூலையில் தீப்பெட்டி லேபிள் அளவு. கண்ணாடி வேறு இல்லை. "தெரியுதா கண்ணு?" என்று கேட்டேன். மேளச் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மச்சானுடைய அண்ணன் வந்து, "டேய் சேகரு, கைய எறக்குடா, எவ்ளோ நேரம் தூக்கிகினே நிப்ப, மரத்துடும்" என்றார். "வுடுண்ணா, கொழந்த பாத்துகினு கீது" என்றேன். மறுபடியும் அவளைக் கேட்டேன்: "அம்மா மூஞ்சி தெரியுதா கண்ணு?"

மேளம் ஒரு வினாடி ஓய்ந்தது. அப்போது, "தெரியுது மாமா" என்றாள்.

உன்னைத் தூக்கும்வரை அப்படியே நின்றேன். நடுநடுவே, கால் ஓடும்போதே அதிலிருந்த கேமரா பட்டனைக் குத்துமதிப்பாக அமுக்கி ஏழு போட்டோவும் எடுத்தேன். எல்லாம் முடிந்து தலை முழுகிவிட்டு வந்து, அவளுக்கு அனுப்பலாம் என்று போனைத் திறந்தேன். ஏழு படங்களிலும் ஒரே சிவப்பு இருட்டு. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் தடவிப் பார்த்தபோது விரலில் வழவழவென்று தட்டுப்பட்டது ஸ்டிக்கர்.

உன் தோட்டத்துக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் என் மருமகளுக்கு நான் காட்டியது ஒரு சிவப்பு இருட்டு. அவளோ தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னாள்? பயமா? என்மேல் கோபமா? அவள் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாளா? எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உள்ளே போனேன். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்பொண்ணு கடைசி வரைக்கும் பாத்துடுச்சி. அது போதும் எனக்கு." அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊரே அதைச் சொல்கிறது. பவித்ரா தாயின் முகத்தைப் பார்த்துவிட்டாள், டெக்னாலஜி எவ்வளவு வளர்ந்துவிட்டது பார் என்று. என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்கள். போன் மட்டும் என்னை விடுவதாக இல்லை. "இந்த ஏழு படங்களும் தெளிவாக இல்லை, நீக்கிவிடலாமா?" என்று மாதா மாதம் கேட்கிறது. பிறகு பார்க்கலாம் என்று அமுக்குகிறேன். ஒருவேளை நீதான் சொன்ன சொல் மாறாமல் எழுந்து வந்து கேமராவை மூடினாயோ என்றுகூட நினைத்தேன். அப்படி என்றால் என்னை அறைந்துவிட்டுப் போயிருக்கலாம் அக்கா. வலி அன்றோடு போயிருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மச்சான் போன் செய்து, "சேகரு, உடனே வா" என்றார். ஓடிப் போனால் டிவியைக் காட்டினார். நீ ஒன்பதாவது எபிசோடில் விட்டது பதினொன்றுக்குப் போயிருந்தது. "உங்க அக்கா பாத்துகினு கீறாடா" என்றார். குரலில் பயம் இல்லை. அந்த ஆப்பின் அதே கணக்கை பவித்ராவும் மஸ்கட்டில் தன் போனில் வைத்திருக்கிறாள், அவள்தான் உன் கட்டத்துக்குள் போய்ப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. பதினைந்துவரை வந்துவிட்டாள். கடைசி எபிசோடை மட்டும் அவள் இன்னும் தொடவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்து பைக் ஸ்டாண்டில் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. அம்மாவுக்கு நீங்க எடுத்தாந்த கோடி இன்னா கலரு? எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தெரியல மாமா. செவப்பா இருட்டாவே இருந்திச்சி. ரெண்டு தபா சொன்னேன், உங்களுக்குக் கேக்கல. அப்பறம் பெரியப்பா உங்கள கைய எறக்கச் சொன்னாரு. கொழந்த பாத்துகினு கீதுன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு மேல தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல மாமா. வேற யாரையும் கேக்கவும் முடியல. கலரு மட்டும் சொல்லுங்க."

மூன்று தடவை கேட்டேன். ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டன. நான் மட்டும் ஸ்டாண்டிலேயே நின்று அழுதேன். இன்னும் அவளுக்குப் பதில் போடவில்லை.

ஏன் போடவில்லை தெரியுமா? கலரைச் சொன்னால் அடுத்துக் கேட்பாள். அம்மா முகம் எப்படி இருந்தது, கண் மூடியிருந்ததா, வாய் சிரித்த மாதிரி இருந்ததா என்று. எனக்குத் தெரியாது அக்கா. சேரில் ஏறி நின்ற அந்த ஒரு மணி நேரம் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. போன் சாயாமல் இருக்கிறதா, டவர் இருக்கிறதா, திரையில் பவித்ரா அசைகிறாளா, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் இருட்டு. இந்தப் பக்கம் நல்ல வெளிச்சத்தில் நீ பத்தடி தூரத்தில் இருந்தாய், நான் பார்க்கவில்லை. இது ஸ்டிக்கரைவிடப் பெரிய தப்பு. இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

கோடி போர்த்தியபோது மட்டும் போன் சட்டைப்பையில் இருந்தது. என் இரண்டு கையும் புடவையில் இருந்தன. அந்த ஒரு நிமிஷம் நான் உன்னைப் பார்த்தேன். புடவை வாடாமல்லி கலர், பச்சைக் கரை. கழுத்துவரை இழுத்தபோது முந்தானை உன் தாடையை மறைத்தது, கொஞ்சம் இறக்கிவிட்டேன். மச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் காயாமல் ஒட்டியிருந்தது. நெற்றி சில்லென்று இருந்தது. அவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

அதை மெசேஜில் அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரில் சொல்கிறேன். ஸ்டிக்கரைப் பற்றியும், நான் உன்னைப் பார்க்காததைப் பற்றியும் சொல்லிவிட்டு, மச்சான் எதிரிலும் சொல்கிறேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பிறகு உன் கட்டத்தைத் திறந்து அந்தக் கடைசி எபிசோடை அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

ஏர்போர்ட்டுக்குப் போனை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. அத்தனை கூட்டத்தில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று மச்சான் கேட்கிறார். முகத்தைப் பார்த்துத்தான்.

உனக்குக் கோடி போர்த்திய தம்பி,
சேகர்