ஐந்தாம் பலகை

4, செவ்வாய். காலையிலேயே வெயில்.

வா நோட்டு, சௌக்கியமா? சாப்பிட்டாயா? நான் இன்னும் இல்லை. பாசிர் ரிஸ் கடற்கரை. வேலை: எட்டுப் பலகை விரிப்பது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகள். விரித்ததும் தர்ஷினி ஒவ்வொன்றின் நடுவிலும் ஜிபிஎஸ் கம்பை ஊன்றி இடத்தை அளப்பாள். பிறகு டிரோன் மேலே போய்ப் படம் எடுக்கும். பலகையை அடையாளம் வைத்துத்தான் படங்களை நிலத்தோடு பொருத்துவார்களாம்.

தர்ஷினி யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி மாணவி. கடல் கரையை எவ்வளவு அரிக்கிறது என்று வரைபடம் போடுகிறாள். எங்கள் சர்வே கம்பெனி என்னை உதவிக்கு அனுப்பியிருக்கிறது. இனி த. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.

முதல் நாள் மேடம் என்றேன். "மேடம்னா பலகைய நானே தூக்கிக்கறேன் அண்ணே."

த. முதலில் அலையாத்திக் காட்டில் முட்டிவரை சேற்றில் நின்று மரம் எண்ணியவள். ஒருநாள் சேறு ஒரு பூட்ஸை இழுத்துக்கொண்டது. "அதத் தேடறப்பதான் தோணுச்சு, மேலேருந்து எண்ணலாமேன்னு." டிரோன் பரீட்சையில் முதல் தடவை ஃபெயில். அவள் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். கேட்டாராம், "இவ்ளோ படிச்சிட்டுப் பட்டம் விடப் போறியா?"

கதை எங்கேயோ போய்விட்டது. அளந்து முடித்து த. பேட்டரி எடுக்க வேனுக்குப் போனாள். அப்போது ஒரு குடும்பம். பதினாறாம் நாள் காரியம். பூத்தட்டோடு ஓர் அம்மா. அவர்கள் இறங்கும் வழியில் ஐந்தாம் பலகை. "தம்பி, கொஞ்சம் தள்ளி வைங்க லா. மிதிச்சிடுவோம்." துக்க வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது? தூக்கினேன். அவர்கள் போனதும் அதே இடத்தில் போட்டேன். ஓர் எட்டு அப்படி இப்படி இருக்கலாம். எவ்வளவு பெரிய கடற்கரை.

டிரோன் பறந்து இறங்கியது.

6, வியாழன். மழை. வேலை இல்லை.

போனில் த. வரைபடம் கோணலாம். ஓரிடத்தில் கரையே இழுபட்டு நிற்கிறதாம். "ரெண்டு நாளா தூங்கல அண்ணே. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. திங்கக்கிழம புரொஃபசரப் பாக்கணும். சரியா வரலன்னா டிரோன விட்டுட்டு சாட்டிலைட் படத்த வச்சு முடின்னுட்டாரு."

ஐந்தாம் பலகை தொண்டைவரை வந்தது. "மழையில நனையாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

9, ஞாயிறு. தேக்கா, இங்கே நம்மாட்கள் கடைவீதி.

சோப்பு. ரீசார்ஜ். ஊறுகாய். வாழையிலைச் சாப்பாடு, ரசம் சுமார்.

சாப்பிடும்போது, ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் செல்வத்திடம் சொன்னேன். "வாயத் தொறக்காத மச்சான். அந்தப் பொண்ணு கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போட்டா உன் வேல பெர்மிட் காலி. ஊருக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்வ? பலகைய நகத்தினேன்னா?"

அவன் சொல்வதும் நியாயம். அப்பளம் இரண்டு தின்றான், என்னுடையதும் சேர்த்து.

10, திங்கள். ஏழு மணிக்கே கூப்பிட்டேன்.

"அஞ்சாம் பலகைய நான் தூக்கினேன்மா."

"எப்போ?"

"நீங்க அளந்தப்பறம். பறக்கறதுக்கு முன்னாடி."

"வியாழக்கிழம நான் புலம்பினப்ப மழையப் பத்திப் பேசினீங்களே!"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேற எதையாவது தொட்டீங்களா?"

"இல்ல. சத்தியமா."

"வைங்க. அஞ்சாம் பலகைய நீக்கிட்டுக் கணக்க மறுபடி ஓட்டறேன்."

மன்னிப்புக் கேட்க மறந்தேன். சாயங்காலம் போன் வந்தது. "நேராயிடுச்சு. புரொஃபசர் டிரோனையே வச்சுக்கச் சொல்லிட்டாரு. கம்பெனிக்கு நான் எதுவும் சொல்லல. அவருக்குச் சொல்லிட்டேன். ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. அளந்ததுலேருந்து டிரோன் இறங்கற வரைக்கும் எந்தப் பலகைகிட்ட யார் வந்தா, என்ன ஆச்சுன்னு எழுதணும். நீங்கதான் எழுதறீங்க."

"நான் அஞ்சாவதுதாம்மா படிச்சேன்."

"தமிழ்லயே எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்."

18, செவ்வாய். பாசிர் ரிஸ். காற்று குறைவு. அளந்தாயிற்று.

பலகை 1: யாரும் வரவில்லை.
பலகை 2: நாய் மோந்தது. நகரவில்லை.
பலகை 3: நண்டு ஒன்று மேலே ஏறி இறங்கியது. சின்ன நண்டுதான். இந்த ஊர் நண்டுக்கு ஒரு கை பெரிது, ஏன் என்று கேட்க வேண்டும்.
பலகை 4: ஒரு சீன ஆன்ட்டி, குடையோடு. போட்டோ எடுத்தார்.
பலகை 5: நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
பலகை 6: சைக்கிள்காரர் ஒருவர் கிட்டத்தில் வந்தார், கையைக் காட்டினேன், அவர் திரும்பி

"அண்ணே, எழுதினது போதும்! டிரோன மேல தூக்கறேன், தள்ளுங்க!"