நீர்முனை நாடு உட்கார்ந்த செய்தி

வளம் பெருகுக, வலை நிறைக. செவ்வாறு கடல் புகும் நீர்முனை நாட்டைக் காத்து ஆளும் அலைவென்ற பெருமான் ஆழிவேல் கண்டர் திருமுன்பு, கல்மேட்டில் கூடியுள்ள பன்னிரு நாட்டுப் பேரவையிலிருந்து ஓலைக்காரன் சேந்தன் பணிந்து விடுக்கும் தூதோலை. அரண்மனையும் படகுத்துறையும் நலமாக இருக்க வேண்டுகிறான். தூதோலையில் ‘நான்’ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லையாதலால், தன்னைப் பிறனாகவே எழுதுகிறான். இம்முறை அது அவனுக்கு வசதியாகவும் இருக்கிறது.

பெருமான் அனுப்பிய தூதுத்தலைவியும் இவ்வோலைக்காரனின் மனைவியுமான காரிநங்கையார், ஐந்தாம் நாள் காலை விருந்தினர் மாளிகைப் படியில் நின்று குடையை விரித்துப் பார்த்தார். வானத்தில் மேகமில்லை. ஆனால் பேரவையில் நமக்கு ஒதுக்கிய மூன்றாம் வரிசை இருக்கைக்கு நேர்மேலே கூரை ஒழுகும். மழை விட்டு மூன்று நாளாகியும் அந்த ஒழுக்கு விடவில்லை. முதல் நாளே தலைவியார் முறையிட்டார். அவை எழுவர் குழு ஒன்றை அமைத்தது. சொட்டு விழும் நேரத்தைக் குறித்துத் தருமாறு குழு நம்மையே கேட்டது. “ஓலைக்காரரே, குடையை நீங்க பிடிங்க, நாட்டை நான் பாத்துக்கறேன்” என்று சிரித்தபடி அவர் குடையைச் சேந்தன் கையில் கொடுத்தார். அடுத்த படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

மாலை சிதை மூட்டுவதாக மாளிகையார் ஏற்பாடு செய்தனர். ஆனால் அன்றைக்குத்தான், கோடை நான்கு மாதமும் செவ்வாற்று மதகை அடைத்துக்கொள்ள மலைவாய் நாட்டார் கொண்டுவந்த தீர்மானம் அவையேறுவதாக இருந்தது. அதைத் தடுக்கவே பெருமான் தலைவியாரை அனுப்பினார். இருக்கை ஒருநாள் காலியாகக் கிடந்தால் அந்நாட்டுக்கு அவ்வாண்டு முழுதும் வாக்கில்லை என்பது அவை விதி. ஆகவே சேந்தன் போனான். குடையையும் கொண்டு போனான். ஏனென்று அவனுக்கே தெரியாது.

நம் நாட்டில் சிதைக்குத் தீ வைக்கும்வரை உரியவர் உட்காரலாகாது. உட்கார்ந்தவர் கை சாம்பலைத் தொடலாகாது. எனவே அவன் இருக்கைக்கு முன்னே நின்றான். அந்த அவையில் எழுந்து நிற்பது இசைவு, உட்கார்ந்திருப்பது மறுப்பு. இது அவனுக்குத் தெரியாததன்று. நான்கு நாள் அவனே எழுதி வைத்தது. அன்று மட்டும் தலையில் ஏறவில்லை.

அவைக்காவலர் கோலை நீட்டி “நீர்முனை!” என்று கூவினார். துக்கம் விசாரிக்கிறார்கள் என்று எண்ணிச் சேந்தன் கைகூப்பினான். மறுபடியும் கூவினார்; மறுபடியும் கைகூப்பினான். மூன்றாம் முறை, இவ்வளவு அன்பான அவையைப் பற்றித் தலைவியார் ஏன் அப்படி ஏசினார் என்றுகூட வியந்தான். இவ்வாறாக அடுத்த பேரவையை நம் நாட்டிலேயே நடத்தி நானூறு பேருக்கு விருந்திடவும், அவை ஊர்வலத்துக்கு இரண்டு யானை தரவும், மலைவாய் நாட்டார் எழுதிய வாழ்த்துப்பாடலை விடியல்தோறும் பாடவும் நீர்முனை நாடு மகிழ்ந்து இசைந்துவிட்டது. நம்மிடம் யானை இல்லை என்பது பெருமான் அறிந்தது. அவைக்கு அது இன்னும் தெரியாது.

நான்காவதாக மதகுத் தீர்மானம் வந்தது. ‘செவ்வாறு’ என்ற சொல் காதில் விழுந்ததும்தான் சேந்தன் சுற்றிப் பார்த்தான். ஆறு நாட்டார் நின்றிருந்தனர். ஐந்து நாட்டார் உட்கார்ந்திருந்தனர். எதிர்வரிசையில் மலைவாய்த் தூதர் அவனைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். உட்கார்ந்தால் ஆறுக்கு ஆறு. சமமானால் தீர்மானம் விழும். உட்கார்ந்தால் காரிநங்கையாரின் சாம்பலைத் தொட அவனுக்கு உரிமை போகும்.

வாக்கை வாயால் சொல்லலாமா என்று கேட்டான். விதியில் இடமில்லை என்றனர். குந்தினால் போதுமா என்று கேட்டான். அவையில் சிலர் சிரித்தனர். அவர்கள் மேல் குறையில்லை, கேட்டவனுக்கே சிரிப்பு வந்தது. “நீர்முனைக்காரரே, நிக்கிறீரா, உக்காருறீரா? உள்ள சோறு ஆறுது” என்றார் அவைக்காவலர்.

முப்பத்தோராண்டு மணவாழ்வில் மனைவி சொன்னதை உடனே செய்தவன் என்ற பெயர் சேந்தனுக்கு இல்லை. குடையைப் பிடிக்கச் சொன்னார்; அதையும் விரிக்காமல் கக்கத்தில் வைத்திருந்தான். நாட்டைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் மாளிகையில் கிடத்தப்பட்டிருந்தார். சேந்தன் அவருடைய இருக்கையில், அவருடைய மெத்தையில் உட்கார்ந்தான். மெத்தை ஈரமாக இருந்தது. தீர்மானம் விழுந்தது.

மாலையில் தீயை மாளிகைக் காவலர் ஒருவர் மூட்டினார். சேந்தன் எட்டி நின்றான். சாம்பல் கலயம் இவ்வோலையோடு படகில் வருகிறது. கொண்டுவரும் படகோட்டி நம் துறையைச் சேர்ந்த மாயிலன், அவன் எங்கும் உட்காரவில்லை. ஆற்றுமுகத்தில் அதைக் கரைக்கும் கை யாருடையது என்பதைப் பெருமான் தீர்ப்பிட வேண்டும். தலைவியாரின் தமையனாரிடம் நடந்ததை மறைக்க வேண்டாம். அவர் ஏசுவார், ஏசட்டும். ஓலைக்காரன் உட்கார்ந்தது உண்மை. அடுத்த முறையும் அவன் அங்கேதான் உட்காருவான்.

யானைகளைப் பற்றி வேறு ஓலை எழுத ஆணையிட வேண்டுகிறான்.

தூதுத்தலைவியாரின் மோதிரம் சேந்தனின் சுண்டுவிரலுக்கும் ஏறாததால், இரு விரலால் பிடித்து முத்திரையிட்டான். கோணலாக விழுந்தது. இவ்வோலையைப் பெருமான் திருக்கையிலன்றி வேறு கையில் மாயிலன் கொடாதிருக்க. பெருமானின் மறுவோலை வரும்வரை சேந்தன் நாள்தோறும் அவைக்குப் போய் நம் இருக்கையைக் காத்திருப்பான்.

மூன்றாம் வரிசையில் இன்றும் ஒழுகுகிறது.