கடல் தபாலில் போன இசைத்தட்டு

மே 3, 1976. திங்கள்.

விடிய முதல் மழை. இன்று லீவு. நோபல் பார்க் தபால் கந்தோரில் நீள வரிசை. பார்சல் போட்டாயிற்று, கடல் வழி. யாழ்ப்பாணம் போய்ச் சேர எட்டுக் கிழமை ஆகலாமாம்.

உள்ளே, தம்பி ரவி இரண்டு வருடமாக நச்சரித்த இசைத்தட்டு. அவுஸ்ரேலியாப் பாட்டுக்காரன் ஒருவன் பதினேழு வயதில் பாடிய முதல் எல்.பி. "முதல் றெக்கோட்தான் வேணும் அக்கா. பிறகு அவன் அழுகுணிக் காதல் பாட்டுக்கு மாறிப்போட்டான்" என்று எழுதியிருந்தான். கடைகளில் இல்லை. பக்கத்து வீட்டு டொறீன்தான் தன் தங்கை பெவர்லியின் பழைய பெட்டியைக் கிளறி எடுத்துத் தந்தாள். அவள் வீட்டிலேயே போட்டுப் பார்த்தோம். முதல் பக்கம் மூன்றாம் பாட்டில் கீறல். மற்றதெல்லாம் ஒரே குதிப்பும் கத்தலும்.

மட்டையில் சிவப்புக் கோட்டுடன் பெடியன். முன்மயிர் கோபுரம் மாதிரி. கன்னத்தில் பெவர்லி அந்தக் காலத்தில் கொடுத்த முத்தம், உதட்டுச் சாயத்தோடு. இதை எப்படித் தம்பிக்கு அனுப்புவது? மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. உதட்டு வடிவம் கலைந்து ஒரே சிவப்பாக அப்பிக்கொண்டது. மினக்கெட்டதுதான் மிச்சம்.

மட்டைக்குள் கடிதமும் வைத்தேன். நாலு பக்கம். அப்பாவின் தம்பி சின்னையா போன மாதம் எழுதியிருந்தார்: ரவி ஒரு வேதக்காரப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறானாம். ஜசிந்தா, மாதா கோயில் பிள்ளை, பள்ளிக்கூட ரீச்சர். தம்பி பெண்சாதியாக, எனக்கு மச்சாளாக வரப் போகிறாளாம்! அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நல்ல ஏச்சுக் கொடுத்திருக்கிறேன். "உன்னை வளைத்துப் போட்டவளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இதுதான் நான் உனக்கு அனுப்பும் கடைசிச் சாமான்."

கொதி இன்னும் ஆறவில்லை. இரவுக்குப் புட்டு.

மே 14, வெள்ளி.

வெயில். காற்று. கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தந்தி.

ரவி மோட்டார் சைக்கிள் விபத்தில் நேற்றுக் காலமானார். இன்று தகனம். சின்னையா.

மிச்ச உடுப்பையும் போட்டு முடித்தேன். கவ்விகள் போதவில்லை.

இவர் வேலையால் வந்து தந்தியை இரண்டு தரம் வாசித்தார். நின்றபடியே. பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். சீனி போட மறந்துவிட்டார். குடித்தேன்.

மே 15, சனி.

செல்வம் அன்ரி கிளேற்றனிலிருந்து சோறு கறி கொண்டுவந்தா. இங்கே எங்களுக்கு இருக்கிற மூத்த ஆள் அவதான்.

"உமக்கு மூண்டு நாள்தான் துடக்கு, பிள்ளை. கலியாணம் கட்டினாப் பிறகு நீர் புருசன்ரை பகுதியெல்லோ. திங்கள் முழுகிப்போட்டு விளக்கேத்தும். வேலைக்கும் போகலாம்."

கூட வந்த அங்கிள் குறுக்கே விழுந்தார். "கட்டிக்குடுத்த பிள்ளைக்கு மூண்டு நாளும் இல்லையப்பா. முழுகினாச் சரி."

இருவரும் பிடுங்குப்பட்டார்கள். கேட்க ஐயரும் இல்லை இந்த ஊரில். அங்கே எங்கள் ஊரில் முப்பத்தொரு நாள் தீட்டு; பாட்டு இல்லை, படம் இல்லை. எனக்கு மூன்று நாள். அல்லது ஒரு முழுக்கு. நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

இதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை. கண் காய்ந்துபோய் இருக்கிறது.

மே 17, திங்கள்.

முழுகினேன். வேலைக்குப் போனேன். மருத்துவமனைச் சலவைப் பகுதி, பின்னேர முறை. போர்வை மடிப்பு. இரண்டு பேர் நுனி பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்க்க வேண்டும். எதிரே மரியா. என்ன நடந்தது என்று கேட்டாள். தம்பி இறந்துவிட்டான் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு மற்ற நுனியைப் பிடித்தாள். நல்ல மனுசி.

பஸ்ஸில் வரும்போதுதான் திடீரென்று: பார்சல்!

மே 18, செவ்வாய்.

தபால் கந்தோர். திருப்பி எடுக்க முடியாதாம். கப்பல் போய்விட்டது.

நிலைமை இதுதான். அம்மாவுக்குக் கண்ணில் வெண்படலம். அப்பா போன பிறகு ரவிதான் கடிதம் வாசித்துக் காட்டுகிறவன். இனிச் சின்னையா வாசிப்பார். சின்னையாவின் குரல் கோயில் ஒலிபெருக்கி. எங்கள் வீட்டுக்கு அவுஸ்ரேலியாக் கடிதம் வந்தால் அயல் முழுக்க வந்து குந்தும். அத்தனை பேருக்கு நடுவில் அம்மாவை இருத்திவைத்து வாசிப்பார். எனக்குத் தம்பி இல்லை. கடைசிச் சாமான்.

அதை வாசிக்க வேண்டாம் என்று எழுதலாம். அந்தக் கடிதத்தையும் அவர் அம்மாவுக்குச் சத்தமாகத்தான் வாசிப்பார்.

மூன்று வான்கடிதத் தாள் கிழித்தேன்.

மே 20, வியாழன்.

எட்டுச் செலவு. அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டிய நாள். துடக்கு இல்லாதவள் சமைக்கலாமோ என்று ஒருவரையும் கேட்கவில்லை. டண்டினோங் சந்தையில் இத்தாலிக்காரனிடம் கணவாய் மீன். கத்தரிக்காய்ப் பொரியல். மரவள்ளி கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கு. இவர் ஒரு போத்தல் பியர் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். இலை என்றால் வெள்ளிக் கடதாசி.

கணவாய் இறப்பர் மாதிரி வந்துவிட்டது. அவன் இருந்தால், "அக்கா, இது ரயர்க் கடையிலை வாங்கினதோ?" என்று கேட்டிருப்பான்.

சாப்பாட்டுக்குப் பிறகு இவரிடம் கடித விஷயம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பிடி எழுதினீர்?"

"கோவத்திலை."

எழும்பிப் போய் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்த நிலம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

யூன் 5, சனி.

குளிர். புல்லெல்லாம் வெள்ளை.

டொறீன் வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். ஓடிப் போனேன். டீவியில் அந்தப் பாட்டுக்காரன். தரைவிரிப்பு விளம்பரம். தொந்தி வைத்துவிட்டது. தலைமயிர் அவனுடையதே இல்லை என்று டொறீன் சத்தியம் செய்தாள். சுருட்டிய கம்பளத்தைக் கிற்றார் மாதிரிப் பிடித்து இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினான். டொறீன் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரவிக்குப் பன்னிரண்டு வயது, றேடியோவில் இவனைக் கேட்டபோது. முன்மயிரைக் கோபுரமாக்க வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு நிற்கவில்லை. உடுப்புக்குப் போடும் கஞ்சியை அள்ளித் தலையில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றான். காய்ந்து ஓடாகிவிட்டது. அப்பாவின் அடி ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம். நான்தான் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அழவில்லை அவன். கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் தெரியாத இங்கிலீசில் பாடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டுக்காரன் இருக்கிறான். கம்பளம் விற்கிறான். சரி.

யூன் 12, சனி.

ஊரில் இன்று அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. இங்கே மூன்று மெசின் உடுப்பு. அரிசி முடிந்தது. செருப்பு வார் அறுந்தது.

செல்வம் அன்ரி: "அழும் பிள்ளை. அழுதாத்தான் ஆறும்."

"வருகுதில்லை அன்ரி."

"வெங்காயமாவது உரியுமன்."

யூன் 29, செவ்வாய்.

எட்டுக் கிழமை ஆகிவிட்டது. கப்பல் கவிழ்ந்தால் நல்லது என்று நினைத்தேன். அதில் எத்தனை சனம் இருக்கும். எனக்கு என்ன பைத்தியமோ.

யூலை 22, வியாழன்.

கடிதம்.

அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. சின்னையாவின் கோழிக்கிண்டல் எழுத்து இல்லை. உருண்டையான எழுத்து, கோடு தவறாமல். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"பிள்ளை, பார்சல் வந்தது. சின்னையா அந்தியேட்டியோடை கொழும்புக்குப் போயிட்டார். இப்ப ஜசிந்தாதான் பின்னேரத்திலை வந்து பேப்பர், கடிதம் எல்லாம் வாசிச்சுக் காட்டுறவள். அந்தியேட்டி அண்டைக்குப் படலையிலை தனிய நிண்டவள். நான்தான் உள்ளை வாவெண்டு கூப்பிட்டனான்.

நீ தம்பிக்கு எழுதினதை ரண்டு தரம் வாசிச்சவள். 'உனக்குப் பிடிச்ச பிள்ளையைக் கட்டு, நான் அம்மாவோடை கதைக்கிறன்' எண்டு எழுதியிருக்கிறாய். உனக்கு இருந்த மனசு எனக்கு இல்லாமப் போச்சே. இது முந்தி வந்திருந்தா நான் ஓமெண்டிருப்பன். கடைசி மட்டும் அவனோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை நான்.

நீ மட்டைப் படத்திலை குங்குமம் வச்சு அனுப்பியிருக்கிறாய். அங்கை கோயிலும் இல்லையெண்டாய், எங்கை எடுத்தனி? மங்கலாத்தான் தெரியுது, எண்டாலும் சிவப்புத் தெரியுது. சாமியறையிலை ரவியின்ரை படத்துக்குப் பக்கத்திலை வச்சிருக்கிறன். விளக்கேத்தேக்கை அந்தப் பெடியனுக்கும் ஒரு பூ வைக்கிறனான்."

உறைக்குள் இன்னொரு தாள். என் கடிதம். நாலு பக்கமும், நான் மடித்த மடிப்பிலேயே. ஜசிந்தா தன் பங்குக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை.

குசினிக் கதிரையில் இருந்தேன். சாமியறையில் பெவர்லியின் முத்தம். அதற்கு அம்மா பூ வைக்கிறா. சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. டொறீன் ஓடிவந்தாள். என்ன என்று சொல்ல எனக்கு இங்கிலீசு வரவில்லை. தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏப்ரனில் கருவாடு மாதிரி ஏதோ மணம். அழுதேன். அப்பாடா, அழுதேன்.

யூலை 24, சனி.

தூறல். இவர் வேலைக்கு. நாலு பக்கத்தையும் அடுப்பில் வைத்தேன்.

பதில் எழுத வேண்டும். நான் எழுதியதாக அம்மா நம்புவதை இனி எப்படி இல்லை என்பது? அந்த வரி என்னுடையதில்லை. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை அவளே வாசித்துக்கொண்டாள்.

இனி எதை எழுதினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். அம்மாவுக்குச் சொல்வது வேறு, அவளுக்குச் சொல்வது வேறு. ஒரே தாளில் எழுத வேண்டும். அம்மா கேட்கும்போது அவளுக்கும் கேட்க வேண்டும்.

வான்கடிதத் தாள் எடுத்தேன். "அன்புள்ள அம்மாவுக்கு" என்று தொடங்கி வெட்டினேன். திரும்ப எழுதினேன்.

அன்புள்ள அம்மாவுக்கும் மச்சாளுக்கும்,