துவைக்காத பனியன்கள்

போடிநாயக்கனூர்,
24.11.1983

மாப்பிள்ளை வீரணனுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குக் களவு என்றுதான் பெயர். ஆகையால் நலம் விசாரிப்பையெல்லாம் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இதைப் படித்துக்கொள். அன்னக்கொடி நினைவோடு இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. தை பிறக்கும்வரை காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை. படித்த உடனே ஜீப்பை எடுத்துவிடாமல் மீதியையும் படி. உனக்குத் தெரிய வேண்டியது மீதியில்தான் இருக்கிறது.

ஐப்பசிக் கடைசியில் சிக்கந்தர் என்னைப் பார்க்க வந்தான். உங்கள் ரசிகர் மன்றத்துக்குப் பனியன் அச்சடித்துக் கொடுத்தானே, அவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குத் துணிமூட்டை கொண்டுபோய் எஸ்டேட் ஆட்களிடம் விற்கிறான் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அன்னக்கொடி அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னான்: "சார், வீரணனுக்கு பூப்பாறைப் பக்கம் ஜீப்பு வேலை நெலையாயிருச்சு. எஸ்டேட் லயத்துல தனி வீடும் குடுத்துட்டாக. ஒங்க தங்கச்சிய வரச் சொல்றான். வர்றேன்னு ஒரு வார்த்தை போதுமாம், அன்னைக்கே எறங்கி வந்து கூட்டிட்டுப் போறானாம். கார்த்திகை முடியுறதுக்குள்ள சேதி வரலைன்னா, இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிட்டு கோட்டயத்துப் பக்கம் லாரிக்குப் போயிருவானாம்."

அவனே வந்து கேட்கட்டுமே என்றேன். "நீங்க அன்னைக்குப் பேசுன பேச்சுக்கு அவன் எப்படி சார் இந்த வாசப்படிய மிதிப்பான்?" என்று கேட்டான். சரி, அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அன்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அட்டை கடிக்கும் மலையில், மழை நிற்காத லயத்தில், தங்கையைக் கொண்டுபோய் எதற்குத் தள்ள வேண்டும் என்று. கேட்பதற்கு நல்ல காரணம். உண்மை வேறு. என் பெண்சாதி பாண்டியம்மாள் செத்த பிறகு ஒரு வருஷம் நான் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டேன். நீ மலையேறிப் போய், அன்னக்கொடி என் வீட்டுக்கு வந்த பிறகு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது விளக்கு எரிகிறது, சோறு சூடாக இருக்கிறது, சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறது. புருஷன் விட்டுவிட்டுப் போன தங்கையை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் என்னைப் பெரிய மனிதன் என்றார்கள். யார் யாரைக் காப்பாற்றியது என்று எனக்கல்லவா தெரியும்.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன். இன்னும் அது முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பி.ஏ., பி.டி. படித்து இருபது வருஷம் சரித்திரம் நடத்தியவனுக்குத் தலைமையாசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை. என்னிடம் பாடம் படித்தவன் வந்து அதில் உட்கார்ந்தான். அந்தச் சமயத்தில்தான் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ரசிகர் மன்றச் செயலாளர் ஒருவனுக்கு என் தங்கையைப் பேசி முடித்தார். ஸ்டாஃப் ரூமில், "என்ன சார், மாப்பிள்ளை கட் அவுட்டுக்குப் பால் ஊத்துறாராமே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதையெல்லாம் நான் உன் கணக்கில் எழுதினேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. பாண்டியம்மாளின் உயிர் போன காலையில், உன் நடிகனின் படம் வெளியான நாள், நீ தியேட்டரிலிருந்து நேராக ஓடி வந்தாய். துக்க வீட்டில் உன் பனியன் நெஞ்சில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பாடையை நீ தோளில் வைத்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. என் சொந்தப் பங்காளிகள் எல்லாம் மத்தியானத்துக்கு மேல் சாவகாசமாக வந்தபோது, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றக்கூட நிற்காமல் எல்லாருக்கும் முன்னால் வந்தவன் நீ என்பது மட்டும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. இந்த ஒரு வாரமாகத்தான் நிற்கிறது.

அதற்குப் பழி வாங்கத்தான் நம் சொந்தத்தில் ராஜாராம் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், "இன்னொருத்தன் மூஞ்சிய நெஞ்சுல மாட்டிக்கிட்டு அலையிறவனுக்கு சொந்தமா ஒரு மூஞ்சி எதுக்கு? என் வாசல் பக்கம் அத காட்டாத!" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சாப்பாட்டு இலையை மூடினாய். பனியனைக் கழற்றி அன்னக்கொடி கையில் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்து போனாய். அவளையும் கூட்டிப் போயிருக்கலாம் என்று நான் நாலு பேரிடம் பேசினேன். இருக்க ஒரு இடம் இல்லாமல் எங்கே கூட்டிப் போவாய் என்று எனக்குத் தெரிந்திருந்தும் பேசினேன்.

இனி அந்தப் பனியன்களுக்கு வருகிறேன்.

நீ சேர்த்து வைத்திருந்தது அத்தனையையும் அவள் தகரப் பெட்டியோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று, மஞ்சளில், நீலத்தில், சிவப்பில். முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து வைத்துவிடுவாயாமே. துவைத்தால் சிக்கந்தரின் சாயம் உரிந்து முகம் போய்விடும் என்று துவைக்கவே விடமாட்டாயாமே. கடைசியாக நீ கழற்றிக் கொடுத்ததையும் அவள் அப்படியே மேலாக வைத்திருந்தாள். மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து வெயில் காட்டுவாள். நாற்றம் பிடித்த சினிமாப் பைத்தியம், புருஷனிடமிருந்து இவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, வாய்விட்டும் சொன்னேன்.

சிக்கந்தர் வந்துபோன மூன்றாம் நாள் தேவாரத்திலிருந்து என் காட்டுக் காவல்காரக் காசிமாயன் வந்தான். மலையடிக் காட்டில் கடலையைப் பன்றி கிளறுகிறது, சுற்றிலும் குச்சி நட்டுத் துணி கட்ட வேண்டும் என்றான். என் பழைய வேட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒன்றை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "சார், இது சலவைத் துணி. இதக் கட்டுனா பன்னி நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டு வந்து திங்கும். மனுசன் வாடை வேணும் சார். வேர்வைத் துணியாக் கொண்டாங்க."

அன்னக்கொடி குளத்துக்குப் போயிருந்தாள். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். காசிமாயன் கேட்ட மாதிரித் துணி இந்த வீட்டில் அது ஒன்றுதான். ஆனால் பன்றிக்காக மட்டும் நான் அதைத் திறக்கவில்லை. அந்தப் பெட்டி இருக்கும்வரை அவள் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அத்தனையையும் சாக்கில் அள்ளிக் கொடுத்தேன். காசிமாயன் மேலே கிடந்ததை எடுத்து முகர்ந்து, "ஆகா, அருமையான வாடை" என்று சந்தோஷப்பட்டான்.

சாயங்காலம் அவள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். செல் அரித்துவிட்டது, குப்பையில் போட்டேன் என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கும் சோறு சூடாகத்தான் போட்டாள்.

போன வாரம் காசிமாயன் பெண்சாதி கருத்தம்மாள் சந்தைக்கு வந்தவள் அன்னக்கொடியிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்: "ஏத்தா, ஒங்க வீட்டுக்காரரு மலைக்குப் போயிட்டாருன்னு எவ சொன்னது? எங்க காட்டச் சுத்தி வரிசையா நிக்கிறாரே, பன்னியெல்லாம் கும்புட்டுட்டுப் போகுது!" அன்னக்கொடியும் கூடச் சிரித்தாளாம். சிரித்துவிட்டுக் கூடையை அவளிடமே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தேவாரத்துக்கு ஏறிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அவள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு குச்சியாக அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டே போயிருக்கிறாள். ஓடைக்கரைப் பக்கம் கடைசிக் குச்சிகள். நீ கழற்றிக் கொடுத்ததை வாடை அதிகம் என்று காசிமாயன் அங்கேதான் கட்டியிருந்தான். எதிர்க்கரையில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஆனைகள் வருகின்றன என்று தெரிந்து காசிமாயன் பரண் மேலிருந்து கத்தினான்: "ஆத்தா, துணி போனாப் போகுது, விட்டுட்டு வெரசா வா!" அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டு நின்றாளாம். அவிழ்த்த பிறகுதான் ஓடினாள். கல் வரப்பு சரிந்து கால் மாட்டி விழுந்தாள். அவன் தகரத்தைத் தட்டித் தீப்பந்தத்தை வீசியதில் ஆனைகள் ஓடையோடு திரும்பிவிட்டன. அவள் மடியில் இருந்ததெல்லாம் சிதறி, பாதிக்கு மேல் ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

ஊரில் கேட்கிறவர்களிடம் படியில் தவறி விழுந்தாள், லேசான சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் ஜீப் ஸ்டாண்ட் வழியாக உனக்குச் சேதி வந்திருக்காது.

நேற்று முன்தினம் இன்னொரு காரியம் செய்தேன். அந்தப் பனியன் சேறு காய்ந்து கட்டையாகக் கிடந்தது. அவளுக்கு ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் போல இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து சவுக்காரம் போட்டு நானே துவைத்தேன். நான் துணி துவைத்துப் பழக்கமில்லாதவன். கல்லில் அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் உன் நடிகனின் ஒரு காதும் கொஞ்சம் மீசையும்தான் மிச்சம். முகம் போய்விட்டதே, அவள் என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அந்த நடிகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பனியனைத் திருப்பி, கழுத்துப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு மடித்து என்னிடமே நீட்டினாள்.

"சவுக்கார வாசந்தாண்ணே அடிக்குது" என்றாள்.

பன்றிக்குத் தெரிந்தது, காசிமாயனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த நடிகனை எந்தக் காலத்திலும் சேர்த்து வைத்திருக்கவில்லை.

நின்ற வாக்கிலேயே சிக்கந்தர் வந்ததைச் சொன்னேன். நான் மறைத்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதாமல் விட்டிருப்பேனோ என்னவோ. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவுக எப்ப வரச் சொன்னாக?" கார்த்திகைக்குள் என்றேன். காலண்டரை எடுத்துத் தரச் சொன்னாள். அதைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சிக்கந்தர் திருப்பூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறான், எப்போது திரும்புவானோ தெரியாது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதற்குள் நீ கோட்டயத்துக்குப் புறப்பட்டிருக்கக்கூடாது என்று, சாமி கும்பிடாத நான், நேற்று பரமசிவன் மலைப் பக்கம் திரும்பி நின்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து காலையில் ஒன்பதரைக்குமேல் சாயங்காலம்வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டபிறகும் நூலகத்துக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவேன். கருத்தம்மாள் துணைக்கு இருப்பாள். கதவு சும்மா சாத்தியிருக்கும். ஜீப்பைச் சந்துக்குள் திருப்ப முடியாது, பின்பக்கமாகவே கொண்டுவர வேண்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கும். என் அறையில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது, பாண்டியம்மாளின் சீர்வரிசை, நல்ல மெத்தை, அதை விரித்துக்கொள். போடிமெட்டு வளைவுகளில் மெதுவாகப் போ. மாவுக்கட்டு நனையக்கூடாது, தார்ப்பாயை இழுத்துக் கட்டு. ராத்திரியில் அவளுக்குக் கால் குடைகிறது, அப்போது தலையணையைக் காலுக்குக் கீழே உயர்த்தி வைத்தால் தூங்கிவிடுவாள். நான் சோறு வடிக்கப் பழகிக்கொண்டுவிட்டேன் என்று அவளிடம் சொல். என்னைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் சொல்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். வயதில் மூத்தவன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். என் பெயர் இருந்தால் இது நான் உனக்கு எழுதியதாகிவிடும், நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாகிவிடும். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ. எனக்கு அந்தப் பதில் வேண்டாம், அவளுக்கு வேண்டியது வந்தால் போதும். பெயரில்லாமலே ஒட்டி, காலைத் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.