பின்வார் இல்லாத செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். உங்கள் உடம்பும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? நான் சௌக்கியம். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெஷின் வந்தது. அதைச் சோதிக்க என் ரத்தத்தையே போட்டேன். கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாகக் காட்டியது. ஒல்லிக்குச்சி உடம்புக்கு இவ்வளவா என்று மெஷினைத் திட்டி, மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் அலசிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. நீங்க போய் டாக்டரைப் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் வழிவழியாக வருகிற கொழுப்பாக இருக்கலாம், கவனிக்காவிட்டால் இதயத்தில் கைவைக்கும் என்றார். "அப்பாவுக்கு மூச்சு வாங்குமா?" என்று கேட்டார். "அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்" என்று உங்கள் வசனத்தையே ஒப்பித்தேன். அறைக்கு வந்த பிறகுதான் நம் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. போன தடவை நான் வந்திருந்தபோது, ஏறும்போதெல்லாம் பாதிப் படியில் நின்று செருப்பின் பின்வாரைச் சரிசெய்தீர்களே.

எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டாயா என்று கேட்க இங்கே ஆளில்லை. நீங்கள்தான் தினமும் போனில் கேட்க வேண்டும். நீங்களும் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துப் பாருங்கள்.

சாம்பிள்கள் வந்து குவிகின்றன, முடிக்கிறேன். பார்சலில் புதுச் செருப்பு வருகிறது. அதில் பின்வாரே கிடையாது. இனிமேல் பாதிப் படியில் நின்றால் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள், அப்பா?

உங்கள் மகள்